கிறுக்கு அனிமேஷன் காமெடி: எது வேணா நடக்கலாம்னா அதுல சிரிக்க என்ன இருக்கு?

முட்டுச்சந்து — 6 ஜூன் 2025, இரவு 10:12

நேரடியா கேட்கிறேன். 'ஸ்பேஸ் கோஸ்ட் கோஸ்ட் டு கோஸ்ட்', 'ஆக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ்', 'ஸ்மைலிங் ஃப்ரெண்ட்ஸ்' மூணையும் பார்த்தாச்சு. படம் கோணல்மாணல். கதைக்குத் தலையும் இல்ல, வாலும் இல்ல. பேசிட்டிருந்த ஆள் திடீர்னு செத்துப்போறான், அடுத்த எபிசோட்ல ஒண்ணும் ஆகாத மாதிரி வந்து நிக்கிறான். எது வேணா நடக்கலாம்னு ஆயிட்டா எழுதுறதுல என்ன கஷ்டம்? வாய்க்கு வந்ததை 11 நிமிஷம் பேசி ஒட்டிட்டா போதுமே. வளர்ந்தவங்க இதுக்கு ஏன் இவ்வளவு உருகுறாங்க?

ஒளிப்பெட்டி — 6 ஜூன், இரவு 11:05

எது வேணா நடக்கலாம்ங்கிற படத்துல சிரிப்பு வராதுங்கிறது சரி. ஆனா இந்த வகையில நல்ல படம் எதுலயும் எது வேணா நடக்கிறதில்ல. ஒரே ஒரு விஷயம் கோணலா இருக்கும். மீதி எல்லாம் அந்தக் கோணலுக்கு அடங்கி, ரொம்பக் கறாரா நடக்கும்.

'தி பிக் ஸ்னிட்' பாருங்க. கனடாவுல நேஷனல் ஃபிலிம் போர்டுக்காக ரிச்சர்ட் காண்டி 1985ல செஞ்சது, சுமார் 10 நிமிஷம், ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு. ஒரு கணவன் மனைவி ஸ்கிராபிள்ங்கிற சொல் கட்டுற விளையாட்டு ஆடுறாங்க. அவர் கையில இருக்கிற எழுத்து எல்லாமே ஆங்கில 'E'. யோசிக்கிறார். யோசிச்சுக்கிட்டே இருக்கார். அந்தம்மா பொறுமை போய் எழுந்து வாக்குவம் கிளீனரை எடுத்துக்கிட்டு வீடு பெருக்கப் போயிடுறாங்க. டிவியில டீன் ஏஜ் பசங்களுக்கான, ரம்பத்தால அறுக்கிற நிகழ்ச்சி ஓடுது. நடுவுல அணுகுண்டுப் போர் தொடங்கிடுச்சுன்னு செய்தி. அவர் தூங்கிட்டார், பூனை வயரைக் கடிச்சு வச்சிருது. வெளியில தெருவே தலைதெறிக்க ஓடுது, உள்ள ரெண்டு பேருக்கும் சண்டை. எதுக்கு? அவங்க அடிக்கடி கண்ணைக் கழற்றிக் குலுக்குறதை இவரால தாங்க முடியல. இவர் வீட்டுல கண்டதையும் ரம்பத்தால அறுக்கிறதை அவங்களால தாங்க முடியல.

கண்ணைக் கழற்றிக் குலுக்குறது அந்த வீட்டுல அதிசயமே இல்ல. கூட இருக்கிறவரை எரிச்சல்படுத்துற ஒரு பழக்கம், அவ்வளவுதான். செயல்லதான் கோணல். அந்த எரிச்சலும், சட்டுனு வர்ற அழுகையும், பழைய போட்டோவைப் பார்த்து மனசு இளகி அவர் அக்கார்டியனை எடுக்கிற இடமும் எந்த வீட்டுலயும் நடக்கிறதுதான். கண்ணுக்குப் பதிலா குறட்டைன்னு வச்சா சாதாரண குடும்பக் கதை. கண்ணுன்னு வச்சதால, 'இது ரொம்பத் தெரிஞ்ச சண்டையாச்சே'ன்னு நமக்கு ஒரு விநாடி தாமதமாத்தான் உறைக்குது. சிரிப்பு அந்த ஒரு விநாடியில இருக்கு.

ஒளிப்பெட்டி — 6 ஜூன், இரவு 11:31

இன்னொண்ணு. செக் நாட்டு யான் ஷ்வாங்க்மையர் 1982ல எடுத்த 'உரையாடலின் சாத்தியங்கள்', அதோட மூணாம் பகுதி. மேஜை மேல ரெண்டு களிமண் தலை எதிரெதிரா. ஒண்ணு வாயைத் திறந்து டூத் பிரஷ்ஷை நீட்டுது, இன்னொண்ணு பேஸ்ட்டைப் பிதுக்குது. ஒண்ணு ஷூவை நீட்டினா மத்தது கயிறு கட்டுது. ரொட்டிக்கு வெண்ணெய், பென்சிலுக்கு ஷார்ப்னர். நாலு ஜோடி, எல்லாம் ஒழுங்கு. அடுத்த சுற்றுல ஜோடி மாறுது: ரொட்டிக்குக் கயிறு, ஷூவுக்கு வெண்ணெய்னு போகுது. பொருள் அதே எட்டுதான், ஒன்பதாவதா எதுவும் உள்ள வராது. சுற்று ஏற ஏறத் தலைங்க ரெண்டும் வெடிச்சு, நாக்குத் தள்ளி, மூச்சு வாங்கிக் கிடக்குது.

வாய்க்கு வந்ததை ஒட்டினதுன்னா மூணாவது நிமிஷம் யானையை இறக்கியிருப்பாங்க. இறக்காததாலதான் அடுத்து எது எதோட மோதும்னு நம்ம மனசு முன்கூட்டியே கணக்குப் போடுது.

முட்டுச்சந்து — 7 ஜூன், காலை 7:48

நீங்க சொல்றது ரெண்டும் கலைப்படம். நான் கேட்டது டிவி. ஸ்பேஸ் கோஸ்ட் பழைய கார்ட்டூனை வெட்டி ஒட்டினது. அதுல என்ன கறார்?

ஒளிப்பெட்டி — 7 ஜூன், மதியம் 1:20

வெட்டி ஒட்டினதாலதான் கறார்.

அந்த உருவங்கள் 1966ல ஹன்னா-பார்பெரா ஸ்டுடியோ எடுத்த சூப்பர்ஹீரோ கார்ட்டூனுக்காக அலெக்ஸ் டோத் வடிவமைச்சவை. 1994 ஏப்ரல் 15ல கார்ட்டூன் நெட்வொர்க் அதே ஆளைக் கூட்டிவந்து டாக் ஷோ மேஜைக்குப் பின்னால உட்கார வச்சது. யோசனை அந்தச் சேனல்ல வேலை பார்த்த மைக் லாஸோவோடது. புதுசா வரையப் பெரிய பட்ஜெட் கிடையாது, ஆனா நிறுவனத்துக்கிட்ட பழைய கார்ட்டூன் கிடங்கே இருந்தது. அதனால 1966ல வரைஞ்ச உடம்பு, 1966ல வரைஞ்ச கை வீச்சு. கைவசம் உள்ள அசைவுக்குள்ளதான் எழுதணும். ஆள் மேஜையில உட்கார்ந்து காப்பி குடிக்கணும்னா, குடிக்கிற படம் இருக்கணும்.

விருந்தினர்கள் நிஜ மனுஷங்க. மேலேருந்து இறங்குற ஒரு மானிட்டர்ல வீடியோவா தெரிவாங்க. அவங்களைத் தனியா கேமரா முன்னால உட்கார வச்சுக் கேள்வி கேட்டுப் பதிலைப் பதிவு பண்ணிப்பாங்க. அப்புறம் எடிட்டிங்ல பதிலை வச்சுக்கிட்டுக் கேள்வியை வேற எழுதுவாங்க. பதில் ஒரு எழுத்தும் மாறாது, அதுக்கு முன்னால போடுற கேள்வி மாறுது. அவர் அடுத்த கேள்விக்காக வெறுமனே பார்த்துக்கிட்டிருக்கிற துண்டையும் தூக்கிப் போட மாட்டாங்க. அதுதான் அவங்களுக்குத் தங்கம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல ரெண்டு மூணு விநாடி யாரும் பேசாம இருக்கிறதை மத்த டாக் ஷோக்காரங்க வெட்டி எறிவாங்க. இவங்க அந்த இடைவெளியை வச்சே எபிசோட் கட்டினாங்க.

அடுத்தது ஆள் கட்டு. வாத்தியக் குழுவை நடத்துறது ஜோராக்ங்கிற கும்பிடுபூச்சி மாதிரிப் பிராணி, டைரக்டர் மோல்டார். ரெண்டு பேரும் ஸ்பேஸ் கோஸ்டோட பழைய வில்லன்கள், அவர்கிட்ட சிக்கி இங்க வேலை பார்க்கிறாங்க. அவங்க பேசுறது எல்லாம் ஆபீஸ் பேச்சு: யார் யாரை மதிக்கல, யார் ஒழுங்கா வேலை செய்யல. அந்த ரெண்டு குரலும் சி. மார்ட்டின் க்ரோக்கர்; அனிமேட்டரும் அவரே. ஸ்பேஸ் கோஸ்ட் குரல் ஜார்ஜ் லோ, 2025 மார்ச்ல காலமானார். அசல் அறிவிப்பாளர் குரல். எந்த முட்டாள்தனத்தையும் அதே கனத்தோட சொல்லுவார், சிரிப்பை எங்கயும் கசியவிட மாட்டார். அப்படி ஒரு குரல் இல்லைன்னா அந்த நிகழ்ச்சியே நின்னிருக்காது.

'ஃபயர் ஆன்ட்' எபிசோடைப் பாருங்க. நிஜ டாக் ஷோ தொகுப்பாளர் கோனன் ஓ'பிரையன் விருந்தினர். நடுவுல ஸ்பேஸ் கோஸ்டை ஒரு எறும்பு கடிச்சிடுது. அது வீட்டுக்குப் போற வழியில பின்னாலயே போறார். கிட்டத்தட்ட 10 நிமிஷம் இதுதான் காட்சி. எறும்பு முன்னால, இவர் பின்னால. ஒரு நிமிஷம் சிரிப்பு வரும். மூணாம் நிமிஷம் கோபம் வரும். அஞ்சாம் நிமிஷம் 'நிஜமாவே நிறுத்த மாட்டாங்க போல'ன்னு புரியும்போது வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். ரெண்டாம் நிமிஷமே வெட்டியிருந்தா அது வெறும் மொக்கை.

நாலாம்மாடி — 7 ஜூன், மாலை 6:02

அடல்ட் ஸ்விம் 1994லயே வந்துடுச்சா அப்போ?

ஒளிப்பெட்டி — 7 ஜூன், மாலை 6:40

இல்ல. கார்ட்டூன் நெட்வொர்க்ல வளர்ந்தவங்களுக்கான அடல்ட் ஸ்விம்ங்கிற இரவு நேரப் பிரிவு தொடங்கினது 2001 செப்டம்பர் 2. அதுக்கு முன்னாலயே, 2000 டிசம்பர் கடைசியில, விடிகாலை நேரத்துல பெரிய விளம்பரம் இல்லாம நாலு நிகழ்ச்சியோட முதல் எபிசோடைப் போட்டுப் பார்த்தாங்க: 'சீலேப் 2021', 'தி பிராக் ஷோ', 'ஹார்வி பேர்ட்மேன்', 'ஆக்வா டீன்'. சீலேப் 1972ல வந்த தொடரோட படங்களை எடுத்துக் குரல் மாத்தினது. ஹார்வி 1967 சூப்பர்ஹீரோவை வக்கீலாக்கினது. ஆக்வா டீன் ஆளுங்க முதல்ல ஸ்பேஸ் கோஸ்ட் எபிசோட் ஒண்ணுக்காக எழுதப்பட்டவங்க.

ஆக்வா டீன்ல ஒரு விஷயம். ஆரம்பத்துல மூணு பேரும் துப்பறிவாளர்கள். சேனல் பெரியவங்களுக்குக் கதைன்னு ஒண்ணு காட்டணுமேன்னு வச்சது அது. சில எபிசோட்லயே அதைக் கைகழுவிட்டாங்க. மிஞ்சினது நியூ ஜெர்சியில ஒரு வாடகை வீடு, ஒரு மில்க் ஷேக், ஒரு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், ஒரு இறைச்சி உருண்டை, பக்கத்து வீட்டு கார்ல். அந்த கார்லைக் கவனிங்க. அவருக்கு ஒண்ணுமே கோணல் இல்ல. பனியன், நீச்சல் குளம், ஃபுட்பால். பேசுற மில்க் ஷேக் மேல அவருக்கு இருக்கிற ஒரே புகார், தன் குளத்துல வந்து இறங்குதுங்கிறதுதான். மூணு கிறுக்குக்கு ஒரு கார்ல் வேணும். கார்ல் இல்லாத கிறுக்குத் தொடர் நீண்ட நாள் நிக்காது.

ரீல்சுத்தி — 7 ஜூன், இரவு 9:15

அந்த ஆக்வா டீன்தானே பாஸ்டன் நகரத்தையே முடக்கினது?

ஒளிப்பெட்டி — 7 ஜூன், இரவு 9:33

ஆமா, 2007 ஜனவரி 31. அதுல வர்ற நிலாவாசி உருவத்தை எல்இடி பல்புகளால செஞ்சு, பட விளம்பரத்துக்காக ஊர் முழுக்க மாட்டியிருந்தாங்க. போலீஸ் வெடிகுண்டுன்னு நினைச்சு சாலை, பாலம் எல்லாம் மூடிட்டாங்க. கார்ட்டூன் நெட்வொர்க்கை வச்சிருந்த டர்னர் நிறுவனமும் விளம்பரம் செஞ்ச நிறுவனமும் 20 லட்சம் டாலர் கட்டுனாங்க. கார்ட்டூன் நெட்வொர்க் தலைவரா இருந்தவர் பதவி விலகினார். இழை வேற பக்கம் போகுது, திரும்பிடுவோம்.

ஒளிப்பெட்டி — 8 ஜூன், காலை 6:50

மலிவா வரையிறதைப் பத்தி இன்னும் கொஞ்சம். விநாடிக்கு 24 ஃப்ரேம், 11 நிமிஷத்துக்கு 15,840 ஃப்ரேம். ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம்னாலும் 7,920. அதுவும் ஒரே ஒரு உருவத்துக்கு. இதைத் தவிர்க்கத்தான் ஹன்னா-பார்பெரா உடம்பை அசையாம வச்சு, தலையை மட்டும், வாயை மட்டும் தனித்தனியா வரைஞ்சாங்க. யோகி கரடிக்குக் காலர் ஏன்? தலைக்கும் உடம்புக்கும் நடுவுல உள்ள கோடு அந்தக் காலர்ல மறைஞ்சிடும். உடம்பு அசையாம வாய் மட்டும் ஓடுறதை அன்னைக்கு ஒரு குறையாத்தான் பார்த்தாங்க. பின்னால வந்தவங்க அதையே நகைச்சுவைக்குப் பயன்படுத்திக்கிட்டாங்க: முகம் அசையலன்னா, பேச்சுல உள்ள சின்ன நடுக்கம்கூட காதுல விழும்.

ஒளிப்பெட்டி — 8 ஜூன், காலை 11:10

அதுக்காக மலிவா இருக்கிறதுதான் காரணம்னு சொல்லிட்டா 'நிச்சிஜோ' அடிபட்டுப்போகுது. 2011ல கியோட்டோ அனிமேஷன் எடுத்த 26 எபிசோட். பள்ளிக்கூட முதல்வர் ஒரு மானோட மல்லுக்கட்டுறார், பின்னாலருந்து தூக்கிப் பின்பக்கமா சாய்க்கிற மல்யுத்தப் பிடி வரைக்கும் போகுது. தசை, எடை, புல்லு பறக்கிறது, எல்லாம் சண்டைப் படத்துக்குரிய வரைகலை. ஒரு பைசா மிச்சம் பிடிக்கல. அதுவும் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்குது.

அப்போ விஷயம் காசு இல்ல. அற்பமான சம்பவம், அதுக்குக் கொட்டுற மதிப்பு. இந்த ரெண்டும் பொருந்தாம இருக்கணும். எறும்பு போற பாதைக்கு 10 நிமிஷம் ஒதுக்குறதும் மானுக்குப் போர்க்கள அனிமேஷன் கொடுக்கிறதும் ஒரே கணக்கு. ஒண்ணு நேரத்தைக் கொட்டுது, இன்னொண்ணு உழைப்பைக் கொட்டுது. நடுவாந்தரமா, ஓரளவு அழகா வரைஞ்சு, ஓரளவு வேகமா நகர்ற படங்கள்தான் இந்த வகையில தோத்துப்போகுது.

முட்டுச்சந்து — 9 ஜூன், இரவு 8:27

சரி, ஒத்துக்கிறேன்னு வச்சுக்கங்க. நானும் ரெண்டு நண்பர்களும் 90 விநாடி படம் ஒண்ணு செய்றோம். பத்திரப் பதிவு அலுவலகம், வரிசையில ஒரு ஒட்டகச்சிவிங்கி. எல்லாரும் அலறி ஓடுறாங்க, கிளார்க் மயங்கி விழறார், கடைசியில ஒட்டகச்சிவிங்கி வெடிச்சிடுது. பார்த்தவங்க ஒருத்தரும் சிரிக்கல. எங்க இடிக்குது?

ஒளிப்பெட்டி — 9 ஜூன், இரவு 10:55

அலறினதுதான் இடிக்குது. பார்க்கிறவங்க ஆச்சரியப்பட வேண்டியதைப் படத்துல உள்ளவங்களே ஆச்சரியப்பட்டுத் தீர்த்துட்டாங்க. நமக்கு மிச்சம் எதுவும் இல்ல. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கிளார்க்குக்கு ஒட்டகச்சிவிங்கி பிரச்சினையே இல்ல, அவருக்குப் போட்டோதான் பிரச்சினை: பாஸ்போர்ட் சைஸ்ல கழுத்து மட்டும் விழுந்திருக்கு, முகம் இல்ல. முகம் தெரியணும்ங்கிறது விதி. 'மேல மாடிக்குப் போய் எடுத்துட்டு வாங்க.' மாடியில போய் எடுத்தா முகம் விழுது, ஆனா அது மாடியில எடுத்த போட்டோ; இந்த முகமும் கீழ நிக்கிற உடம்பும் ஒரே ஆள்தான்னு ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணும். வெடிக்கிறதை எடுத்துடுங்க. வெடிச்சா விதி முடிஞ்சுபோச்சு.

அப்புறம் வேலை. எழுத்து ஒன்றரைப் பக்கத்துக்கு மேல வேண்டாம். பேச்சு 100 சொல்லுக்குள்ள நிக்கட்டும், மீதி நேரம் மௌனத்துக்கு. வரையிறதுக்கு முன்னால குரலைப் பதிவு பண்ணுங்க. படம் வரைஞ்சுட்டுக் குரல் ஒட்டினா, குரல் படத்தோட வேகத்துக்கு ஓட ஆரம்பிக்கும், டைமிங் செத்துடும். துணி நிறைஞ்ச அலமாரியைத் திறந்து வச்சு அதைப் பார்த்துப் பேசுங்க, எதிரொலி போயிடும். மைக் வாயிலருந்து ஒரு சாண் தூரம், நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல. இல்லைன்னா 'ப' வர்ற இடமெல்லாம் காத்து இடிக்கும். ஒலிப்பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், சத்தத்தோட உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாம.

நடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. நிஜமா கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கிறவர் 40வது ஆளுக்குப் பதில் சொல்ற குரல் போதும். ஒவ்வொரு வரியையும் மூணு தடவை எடுங்க. முதல் தடவை நடிப்பு இருக்கும், மூணாவது தடவை அலுப்பு வரும். அலுப்பைத்தான் எடுத்துக்கணும்.

குரலை மட்டும் வெட்டி 90 விநாடிக்கு வானொலி நாடகம் மாதிரி கட்டிடுங்க. கண்ணை மூடிக் கேட்டாலே ஒரு இடத்துலயாவது சிரிப்பு வரணும். வரலன்னா வரைய ஆரம்பிக்காதீங்க.

மௌனத்துக்கு ஒரு அளவு: 12 ஃப்ரேம்னா சாதாரணப் பேச்சு இடைவெளி. 24லருந்து 36 வரைக்கும் போனா சங்கடம் தெரியும். 60க்கு மேல போனா பார்க்கிறவங்க 'என்னாச்சு'ன்னு நிமிருவாங்க. அந்த இடத்துல ஒரு தடவை கண் சிமிட்டினா சிரிப்பு விழும். 90 விநாடியில 60 ஃப்ரேம் மௌனம் ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம், மூணாவது வந்தா அது வெறும் ஸ்டைலா தெரியும்.

படத்தோட எண்ணிக்கை பயப்படுற அளவுக்கு இல்ல. மூணு உருவம். ஒவ்வொண்ணுக்கும் 5 வாய், 2 கண், 3 உடம்பு நிலை. மொத்தம் 30 படம், கூட ரெண்டு பின்னணி. ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் ரெண்டுமே இலவசம், இதுக்கு எது வேணா போதும்.

தமிழுக்கு அஞ்சு வாய் இப்படி வச்சுக்கங்க: மூடினது (ம, ப), பாதி திறந்தது, ஆ, ஈ-ஏ, ஊ-ஓ. வாய் மாறுறது சத்தத்துக்கு ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் முன்னால வரணும். சரியா சத்தத்துலயே வச்சா கண்ணுக்குத் தாமதமா தெரியும். மூடின வாய் குறைஞ்சது ரெண்டு ஃப்ரேம் நிக்கணும், ஒரு ஃப்ரேம்னா கண்ணு பிடிக்காது, 'ம' சொல்லாத மாதிரியே இருக்கும்.

ஒளிப்பெட்டி — 10 ஜூன், காலை 6:35

ராத்திரி விட்டுப்போன ரெண்டு. மென்பொருள் தானா போடுற 'மூச்சு விடுற' அசைவை அணைச்சு வைங்க. மௌனத்துல தோள் ஏறி இறங்கினா, அந்த ஆள் உயிரோட, நிம்மதியா இருக்கார்னு தெரிஞ்சிடும். அசையாம நிக்கணும்.

ரெண்டாவது, மௌனம்னு ஒலித்தடத்தைக் காலியா விடாதீங்க. முழுச் சைபர் வந்தா பார்க்கிறவங்க ஸ்பீக்கர் போச்சுன்னு நினைப்பாங்க. பதிவு செஞ்ச அதே அறையில யாரும் பேசாம 30 விநாடி பதிவு பண்ணி, அதை அடியில ஓடவிடுங்க. ஆபீஸ்னா மின்விசிறிச் சத்தம் சேருங்க. மௌனத்துக்கு அடியில மியூசிக் கூடாது, 'டொய்ங்'னு எந்தச் சத்தமும் கூடவே கூடாது.

ரீல்சுத்தி — 10 ஜூன், மதியம் 12:18

குரல்ல நடிப்பே வேண்டாம்னா, எழுதாமலே பேசவிட்டா என்ன? அப்படியும் செய்றாங்கதானே?

ஒளிப்பெட்டி — 10 ஜூன், இரவு 9:44

செய்றாங்க. 1995ல 'டாக்டர் கேட்ஸ்', 1999ல 'ஹோம் மூவீஸ்'. காட்சியோட சுருக்கத்தை மட்டும் எழுதி, வசனத்தை நடிகர்களோட வாய்க்கே விட்டாங்க. பேச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், பாதியில நிக்கும், 'இல்ல, அது வந்து'ன்னு தடுமாறும். மணிக்கணக்குப் பேச்சை நிமிஷக் கணக்கா வெட்டுறதுதான் அங்க எழுத்து வேலை. படத்துக்கு ஒரு உபாயம் வச்சிருந்தாங்க: ஒரே உருவத்தைச் சின்ன நடுக்கத்தோட அஞ்சு தடவை வரைஞ்சு சுழலவிடுறது. உடம்பு நகராது, ஓரக்கோடு மட்டும் நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். படம் செத்துப்போகாது, பேச்சையும் தொந்தரவு செய்யாது. ஹோம் மூவீஸ் ரெண்டாவது சீசன்ல அதை விட்டுட்டு ஃப்ளாஷ்ங்கிற அனிமேஷன் மென்பொருளுக்கு மாறிடுச்சு.

டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 2015ல எடுத்த 'வேர்ல்ட் ஆஃப் டுமாரோ'வுல குழந்தை குரல், அவர் உடன்பிறந்தவர் வீட்டு 4 வயசுப் பொண்ணு. வசனம் சொல்லிக்கொடுக்கல. அது விளையாடிக்கிட்டே பேசினதைப் பதிவு பண்ணிக் கதையைச் சுத்தி எழுதினார். எதிர்காலத்துலருந்து வந்த உருவம் மரணம், நினைவு, குளோனிங்னு பேசுது. குழந்தை தன் கண்ணுக்குத் தெரியுறதைச் சொல்லுது. ஸ்பேஸ் கோஸ்ட்ல பதிலை வச்சுக் கேள்வி எழுதினாங்களே, வழி அதேதான். ஆனா இங்க சிரிச்சு முடிச்சதும் தொண்டை அடைக்குது.

குரலோட பலத்தைச் சோதிச்சுக் காட்டினது 'பாப் டீம் எபிக்'ங்கிற ஜப்பான் தொடர் (2018). அரை மணி நேரத்துல ஒரே எபிசோடை ரெண்டு தடவை போடுவாங்க. முதல் தடவை ரெண்டு பெண் குரல், அடுத்து ரெண்டு ஆண் குரல். படம் கிட்டத்தட்ட அதே படம். ஆனா முதல் தடவை சிரிச்ச இடம் வேற, ரெண்டாம் தடவை சிரிக்கிற இடம் வேற.

நாலாம்மாடி — 11 ஜூன், இரவு 7:30

எல்லாம் சரி. ஆனா இந்த வகை முழுக்க 'வாழ்க்கைக்கு அர்த்தமே இல்ல'ன்னு புலம்புறதுதானே? போதையில பார்க்கிறவங்களுக்கு எடுத்தது.

ஒளிப்பெட்டி — 11 ஜூன், இரவு 10:20

அர்த்தம் இல்லைன்னு நினைக்கிறவன் கையால ஒவ்வொரு தாளா வரைய மாட்டான். ஹெர்ட்ஸ்ஃபெல்டோட 'ரிஜெக்டட்' (2000) குச்சி மனுஷங்கதான். நிறுவனங்கள் நிராகரிச்ச விளம்பரப் படங்கள்ங்கிறது கற்பனைக் கட்டு. ஆரம்பத்துல உருண்டு புரண்டு சிரிப்பீங்க. முடிவுல அந்தத் தாளே கசங்குது, கிழியுது, உள்ள இருக்கிற குச்சி மனுஷங்க தாளோட ஓரத்தைத் தட்டி வெளிய வரப் பார்க்கிறாங்க. ரெண்டு கோடும் ஒரு வட்டமுமா இருக்கிறதுங்களுக்காக மனசு பதறுது.

'ஸ்மைலிங் ஃப்ரெண்ட்ஸ்' எடுத்துக்கங்க. ஜாக் ஹேடல், மைக்கேல் க்யூசாக் ரெண்டு பேரோடது, முன்னோட்ட எபிசோட் 2020 ஏப்ரல் 1ல வந்தது. துக்கத்துல இருக்கிறவங்களைச் சிரிக்க வைக்கிறதுதான் அந்த ஆபீஸோட வேலை. முதல் வாடிக்கையாளரே வாழ வேண்டாம்னு முடிவெடுத்த ஒருத்தர். அவரை வச்சுக் கிண்டல் இல்ல. உதவி செய்ய வந்த பிம் தன்னோட உற்சாகத்தால எதுவும் ஆகலையேன்னு தவிக்கிறதுதான் கதை.

'போஜாக் ஹார்ஸ்மேன்'ல 2018ல வந்த 'ஃப்ரீ சுர்ரோ' எபிசோட், ஒரு குதிரை தன் அம்மாவோட இறுதிச் சடங்குல நின்னு பேசுறது. அதுவும் கிட்டத்தட்ட முழு எபிசோடும். எதிர்ப்பக்கம் யார் இருக்காங்கன்னு கடைசி வரைக்கும் காட்டாம ஒரே மேடை, ஒரே ஆள். நடிகரோட முகம் இருந்தா 'எவ்வளவு நல்லா நடிக்கிறார்'னு பார்த்துக்கிட்டிருப்போம். குதிரை முகமா இருக்கிறதால, அந்தப் பேச்சை நம்ம மேல வாங்கிக்கிறோம். வளர்ந்தவங்க இதுக்கு உருகுற காரணத்துல பாதி இது. மேல போஜாக், ஹெர்ட்ஸ்ஃபெல்ட், காண்டி மூணையும் சேர்த்துப் பாருங்க: நேராச் சொன்னா கூச்சமா இருக்கிற துக்கத்தைக் கோணலாச் சொல்லிக் கேட்க வைக்கிறாங்க.

போதை விஷயம்: நள்ளிரவுல போட்டதால ஒட்டின பேர் அது. ஷின்-சான் இங்க குழந்தைங்க சேனல்ல ஓடுது, ஆனா ஜப்பான்ல 1990ல தொடங்கினது வயசு வந்தவங்களுக்கான வார இதழ்ல. எந்த நேரத்துல, யாருக்குப் போடுறாங்கங்கிறதை வச்சு உள்ள என்ன இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க.

ரீல்சுத்தி — 12 ஜூன், காலை 8:05

புதுசா பார்க்கிறவங்களுக்கு ஒரு வரிசை சொல்லுங்களேன்.

ஒளிப்பெட்டி — 12 ஜூன், காலை 9:12

'பிக் ஸ்னிட்' முதல்ல, ஃபிலிம் போர்டு தளத்துலயே இலவசம். அடுத்து 'ரிஜெக்டட்'. அப்புறம் ஆக்வா டீன்ல கார்ல் நிறைய வர்ற எபிசோட் எதுவானாலும். ஸ்பேஸ் கோஸ்ட்ல நாலஞ்சு பார்த்துப் பழகின பிறகுதான் 'ஃபயர் ஆன்ட்'. முதல்லயே அதைப் பார்த்தா வெறுத்துடுவீங்க, வழக்கமான நடை தெரிஞ்சாத்தான் அது உடையறது தெரியும். 'எக்ஸேவியர்: ரெனகேட் ஏஞ்சல்' கடைசி.

சப்டைட்டில் விஷயத்துல கவனம். இந்த வகையில மௌனம் முடிஞ்சு ஒரு வார்த்தை வந்து விழும். சப்டைட்டில் அந்த வார்த்தையை அரை விநாடி முன்னாலயே கீழ காட்டிடும். படிச்சுட்டுக் காத்திருப்பீங்க, குரல் வரும்போது சிரிப்பு போயிருக்கும். உச்சரிப்பு பிடிபடலன்னா முதல் தடவை சப்டைட்டிலோட பார்த்து என்ன பேசுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, ரெண்டாம் தடவை அதை அணைச்சுட்டுப் பாருங்க. 11 நிமிஷம்தானே.

முட்டுச்சந்து — 21 ஜூன், இரவு 11:40

போட்டோ, மாடி, ரெண்டு சாட்சி எல்லாம் வச்சுத் திருப்பி எழுதிட்டோம். குரல் மட்டும் போட்டுக் காட்டினப்பவே சாட்சி இடத்துல சிரிச்சாங்க. இப்போ வேற தொல்லை. ஆரம்பத்துல வாய் சரியா பொருந்துது, முடிவுல கிளார்க் பேசி முடிச்ச பிறகும் வாய் அசையுது. வரைஞ்சதுல தப்பு இல்ல, மூணு தடவை சரிபார்த்தாச்சு.

ஒளிப்பெட்டி — 22 ஜூன், காலை 7:15

ஆரம்பத்துல சரியா இருந்து போகப்போக விலகினா அது வரைஞ்சதுல உள்ள தப்பில்ல, ஃப்ரேம் வேகத்துல உள்ள தப்பு. நீங்க வரைஞ்சது விநாடிக்கு 24 ஃப்ரேம்ல இருக்கும். எடிட்டிங் மென்பொருள்ல திட்டத்தை 23.976ல திறந்திருப்பீங்க, அது படத்தை மட்டும் நீட்டியிருக்கும், குரலை நீட்டியிருக்காது. 90 விநாடிக்கு இது 0.09 விநாடி, அதாவது ரெண்டு ஃப்ரேம். வாயை முன்கூட்டி வச்ச ரெண்டு ஃப்ரேமும் அதுலயே போயிடும், அதுக்கு மேல கொஞ்சம் விலகினாலும் கண்ணு பிடிச்சிடும். 11 நிமிஷப் படமா இருந்தா 16 ஃப்ரேம் போயிருக்கும்.

வாயைக் கையால நகர்த்திச் சரிசெய்யாதீங்க. புதுத் திட்டம் ஒண்ணு 24ன்னு திறங்க. உள்ள இழுத்த ஒவ்வொரு படக் கோப்புக்கும் அதோட பண்புகள்ல 24ன்னு இருக்கான்னு பாருங்க. படத்தொடரா ஏத்தியிருந்தா சில மென்பொருள் தானா 30ன்னு எடுத்துக்கும். குரல் 48 கிலோஹெர்ட்ஸ்லயே இருக்கட்டும். வெளியேத்தும்போதும் 24. அப்புறம் கடைசி 5 விநாடியை மட்டும் ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்தி, கிளார்க் 'சாட்சியம்மா' சொல்ற 'ம'வுல வாய் மூடுதான்னு பாருங்க. மூடினா அனுப்புங்க, பார்க்கணும்.